வில் பட்டையில் குறை தெரிந்தால் எறிவதா, ஒட்டுவதா?

தக்கலையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "வெளிநாட்டிலிருந்து வரவழைத்த கண்ணாடியிழைப் பட்டைகளில் ஒன்றில் இரண்டு அங்குல நீளத்துக்கு வெள்ளைக் கோடு ஓடுகிறது. இன்னொன்று ஒரு முனையில் கனமாகவும் மறுமுனையில் மெலிந்தும் இருக்கிறது. நடுவில் வைக்க வாங்கிய மூங்கில் பட்டைகளில் கணுவும் ஊசிமுனை அளவு துளைகளும் உள்ளன. ஏற்கெனவே ஒட்டி முடித்த முதல் வில்லிலும் விளிம்போரம் ஒரு காற்றுக் குமிழ் தெரிகிறது. எதை வைத்துக்கொள்ளலாம், எதை எறிய வேண்டும்?"

தம்பி, நீங்கள் சொன்ன நான்கில் ஒன்றுதான் எனக்குக் கவலையைத் தருகிறது. அது கடைசியில் போகிற போக்கில் எழுதிய அந்தக் குமிழ். பட்டையில் இருக்கும் கோடும் கனமும் கணுவும் இன்னும் உங்கள் கைக்குள் இருக்கிற விஷயங்கள். இடம் மாற்றலாம், திருப்பி வைக்கலாம், வெட்டி எறியலாம். ஒட்டி முடித்த பிறகு உள்ளே மாட்டிக்கொண்ட காற்றை அப்படிச் செய்ய முடியாது. ஆகவே அதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. குளச்சல் பக்கம் பைபர் படகுப் பட்டறையில் 10 ஆண்டு ரெசின் வாசனையோடு கிடந்தவன் நான். வில் செய்யத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் மாவட்டத்தில் பைபர் என்றவுடன் யாருக்கும் படகுதான் நினைவுக்கு வரும், "படகுக்கு ஒட்டுகிற 'மேட்' என்கிற கண்ணாடியிழை விரிப்பையே வில்லுக்கும் ஒட்டினால் என்ன?" என்று மாதம் ஒருவராவது கேட்கிறார்கள். படகு விரிப்பில் இழைகள் விரல் நீளத் துண்டுகளாகத் திசை தெரியாமல் கிடக்கும். அலை எந்தப் பக்கத்திலிருந்து அடித்தாலும் தாங்க வேண்டும் என்பதால் படகுக்கு அது பொருத்தம். வில்லுக்கு விசை ஒரே திசையில்தான் வருகிறது. அதனால் வில் பட்டையில் இழை அத்தனையும் முனைக்கு முனை நேராக ஓடும். ரெசினும் வேறு. படகுக்கு ஊற்றுகிற பாலியெஸ்டர் காயும்போது கன அளவில் ஏழு சதவீதம் வரை சுருங்கும், மரத்தில் பிடிப்பும் குறைவு. வில்லுக்கு எபாக்சி என்கிற இரு பாகப் பசைதான். படகுப் பட்டறையில் கற்ற பழக்கங்களில் பாதியை நான் மறக்க வேண்டியிருந்தது. மீதிப் பாதி, முக்கியமாகக் குறையைக் கண்ணால் கண்டுபிடிக்கிற பழக்கம், இன்றும் சோறு போடுகிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். ஒரு குறை பெரியதா சிறியதா என்று பார்ப்பதற்கு முன், அது வில்லில் எந்த இடத்தில் உட்காரப் போகிறது என்று பார்க்க வேண்டும். கைப்பிடிக்கு மேலும் கீழும் வளைகிற வில்லின் கையை லிம்ப் என்போம். நாணை இழுக்கும்போது லிம்பின் முதுகு, அதாவது இலக்கைப் பார்க்கும் பக்கம், நீள முயல்கிறது. வயிறு, அதாவது நம்மைப் பார்க்கும் பக்கம், நசுங்குகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு தளத்தில் நீட்சியும் இல்லை, நசுக்கமும் இல்லை. ஆனால் அந்த நடுத்தளத்தில்தான் ஒரு அடுக்கு இன்னொன்றின் மேல் சறுக்கிப் போகப் பார்க்கும் விசை உச்சத்தில் இருக்கிறது. ஒரு சீட்டுக்கட்டை வளைத்துப் பாருங்கள், சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுவது தெரியும். பசை அந்த நழுவலைத்தான் தடுத்து நிற்கிறது.

ஒரு கணக்குச் சொல்கிறேன். மொத்தம் 10 மில்லிமீட்டர் கனமுள்ள லிம்பில் முதுகிலும் வயிற்றிலும் ஒரு மில்லிமீட்டர் கண்ணாடியிழை, நடுவில் 8 மில்லிமீட்டர் மரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விறைப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெளியில் இருக்கும் அந்த இரண்டு மில்லிமீட்டரிலிருந்து வருகிறது. அதனால் கண்ணாடியிழையில் குறுக்கே விழுந்த ஒரு மயிரிழைக் கீறல், நடுமரத்தில் இருக்கும் மிளகளவு கணுவைவிட ஆபத்தானது. கண்ணாடியிழையிலேயே நீளவாக்கில் ஓடும் கீறலுக்கும் குறுக்கே ஓடும் கீறலுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நீளவாக்கில் போவது இரண்டு இழைகளுக்கு இடையே போகிறது. குறுக்கே போவது இழைகளை அறுத்துவிட்டது.

இப்போது உங்கள் வெள்ளைக் கோடு. அது நீளவாக்கிலா குறுக்கா என்று எழுதவில்லை. "ஓடுகிறது" என்கிற சொல்லை நம்பி நீளவாக்கு என்று எடுத்துக்கொள்கிறேன். ஒரு துணியில் டர்பன்டைன் நனைத்து அதன் மேல் தடவுங்கள். ஈரம் இருக்கும் வரை கோடு மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் அது மேற்பரப்புச் சிராய்ப்பு. நைசாக உப்புத்தாள் போட்டால் போய்விடும். ஈரத்திலும் அசையாமல் வெள்ளையாகவே நின்றால் உள்ளே ரெசின் எட்டாத இழைகள் உலர்ந்து கிடக்கின்றன என்று பொருள். பிறகு இருட்டு அறையில் பட்டையைச் சாய்த்துப் பிடித்து, டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் பட்டையோடு ஒட்டினாற்போல் தரைவாட்டில் அடியுங்கள். நேரே பார்க்கும்போது தெரியாத மேடு பள்ளமெல்லாம் நிழல் போட்டுக்கொண்டு எழுந்து நிற்கும். கடைசியாக வீட்டில் இருக்கும் தண்ணீர்க் குடத்தின் மேல் பட்டையை மெதுவாகப் படியவைத்து வளையுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். வில்லில் அது படப்போகும் பாடு இதைவிட அதிகம், ஆகவே இதிலேயே 'நறுக்' என்று சத்தம் கொடுத்தாலோ வெள்ளை நீண்டாலோ அந்தப் பகுதிக்கு வில்லில் இடமில்லை.

சத்தம் இல்லை, கோடு நீளவில்லை, ஆனாலும் உள்ளே உலர்ந்த இழை இருக்கிறது என்றால்? இங்கேதான் இடம் பார்க்கிற வேலை. பட்டை பொதுவாக ஆறடி, அதாவது 72 அங்குலம் வரும். நீங்கள் 66 அங்குல நீள்வில் செய்கிறீர்கள் என்றால் முனை சீவுவது போக நான்கைந்து அங்குலம் மிச்சம் இருக்கும். அந்த நான்கைந்து அங்குலம்தான் உங்கள் சுதந்திரம். வில்லின் உருவத்தை ஒரு நீளத் தாளில் வெட்டி வைத்துக்கொண்டு, பட்டையின் மேல் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். முதுகுப் பட்டையின் நடுவே ரைசர், அதாவது கைப்பிடிக் கட்டை, இருக்கும் ஏறக்குறைய 16 அங்குலமும் வளைவதே இல்லை. கோடு அதற்குள் போய் உட்கார்ந்தால் உங்கள் பேரன் காலம்வரை அங்கேயே கிடக்கட்டும். இரண்டு முனைகளிலும் லிம்ப் அரை அங்குல அகலத்துக்குக் குறுகிவிடும். பட்டையோ ஒன்றரை அங்குல அகலம். விளிம்போரக் குறை முனைப் பக்கம் வந்தால் அரத்துக்கே போய்விடும். வயிற்றுப் பட்டை இரண்டு துண்டாக வருவதால் அதைத் திருப்பி வைக்கும் வசதியும் உண்டு.

எந்தக் குறையும் வரவே கூடாத இடம் ஒன்று உண்டு. ரைசர் சரிந்து சரிந்து காகிதம் போல மெலிந்து லிம்பில் கரைகிற அந்த முனை. விறைப்பான பகுதி முடிந்து வளையும் பகுதி தொடங்குகிற இடம் அது. விசையெல்லாம் அங்கே வந்து குவியும். என் கண் முன்னே முறிந்த வில்களில் பெரும்பாலானவை அந்த இடத்திலிருந்து ஓரிரண்டு அங்குலத்துக்குள்தான் முறிந்தன. நல்ல பட்டை, நல்ல மரம், நல்ல பசை மூன்றையும் அங்கே செலவிடுங்கள்.

இரண்டாவது, கன வித்தியாசம். எவ்வளவு என்று அளந்தீர்களா? காலிப்பர் போதாது, மைக்ரோமீட்டர் வேண்டும். ஆறு அங்குலத்துக்கு ஒரு தடவை, இரு விளிம்பிலும் நடுவிலுமாக மூன்று அளவு எடுத்து, பட்டையின் மேலேயே பென்சிலால் எழுதிவிடுங்கள். விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். மொத்தக் கனம் ஒரு சதவீதம் கூடினால் வில்லை இழுக்கத் தேவைப்படும் விசை மூன்று சதவீதம் கூடும். 50 பவுண்டு வில்லில் அது ஒன்றரைப் பவுண்டு. வெளிப்பக்கம் கூடுகிற கனத்துக்கு வலு இன்னும் அதிகம். ஒரு முனையில் மட்டும் முதுகுப் பட்டை அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு கூடுதலாக இருந்தால், அந்தப் பக்க லிம்ப் ஏறக்குறைய மூன்றரை சதவீதம் விறைத்து நிற்கும்.

இதற்காகப் பட்டையை எறிய வேண்டாம். அம்புக்கு ஒரு விரல் மேலேயும் இரண்டு விரல் கீழேயும் வைத்து இழுக்கிறவர்களுக்குக் கீழ் லிம்ப் சற்று விறைப்பாக இருப்பதே வழக்கம். கனத்த முனையைக் கீழ் லிம்புக்குக் கொடுத்துவிடுங்கள், குறையே வசதியாகிவிடும். வித்தியாசம் அதையும் தாண்டினால் நடுமரத்தை அந்தப் பக்கம் சற்று மெலிதாக இழைத்து ஈடுகட்டலாம். ஒட்டி முடித்த பிறகு சமன் பார்க்கும்போது பக்கவாட்டில் அகலத்தைக் குறைத்துத் திருத்துங்கள். அகலம் ஐந்து சதவீதம் குறைந்தால் விறைப்பும் ஐந்து சதவீதம்தான் குறையும், பொறுமையான வழி. மேலே தேய்த்தால் மும்மடிக் கணக்கு உங்களைத் தூக்கிக் கிடத்திவிடும், இழையும் அறும்.

மூங்கிலுக்கு வருகிறேன். கணு இருப்பது குறை இல்லை, கணு இல்லாத மூங்கில் இல்லை. கணுவில் நார் நேராகப் போகாமல் சற்று நெளிந்து போகும், அந்த இடம் மட்டும் விறைப்பாகவும் இருக்கும். கண்ணாடியிழை வெளியே சுமை தாங்குவதால் நடுவில் கணு பெரிதாகத் தொல்லை தராது. ஆனால் இரண்டு மூங்கில் அடுக்கு வைக்கிறீர்கள் என்றால் ஒரு அடுக்கின் கணு மேல் இன்னொரு அடுக்கின் கணு வரக் கூடாது. மேல் லிம்பிலும் கீழ் லிம்பிலும் கணுக்கள் ஒரே தூரத்தில் வரட்டும். ஒரே கழியில் அடுத்தடுத்துப் பிளந்த பட்டைகளை எடுத்தால் இது தானாக அமையும். இதையெல்லாம் உங்கள் ஊரில் ஒரு மர ஆசாரியிடம் காட்டினால் அவர் சிரிப்பார்; மரத்தைப் படிக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லாத ஊர், பத்மநாபபுரம் அரண்மனையையே பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள்.

ஊசிமுனைத் துளைதான் வேறு கதை. அது உளு. மூங்கிலின் மாவுச்சத்தைத் தின்ன வருகிற சிறு வண்டு போட்ட துளை. வெளியே தெரிவது வாசல் மட்டும், உள்ளே நார்வாட்டில் எவ்வளவு தூரம் சுரங்கம் போயிருக்கிறது என்று பார்வைக்குத் தெரியாது. பட்டையைக் கறுப்புத் துணி மேல் தட்டிப் பாருங்கள். மாவு போல் தூள் கொட்டினால் வண்டு இன்னும் குடியிருக்கிறது. டிங்சர் அயோடின் ஒரு சொட்டு விட்டால் மாவுச்சத்து உள்ள இடம் நீலக் கறுப்பாகும். அடர்ந்து கறுத்தால் அந்த மூங்கில் நாளைக்கும் உளுக்கும். நம் பெரியவர்கள் மூங்கிலை வெட்டி வாரக்கணக்கில் குளத்தில் ஊறப்போட்டது இந்த மாவை வெளியேற்றத்தான்.

பின்னால் சொல்லப்போகும் சூடு பெட்டியில் 70 டிகிரியில் வைத்தால் வண்டு செத்துப்போகும், ஆனால் சுரங்கம் சுரங்கமாகவே இருக்கும். நடுத்தளத்தில் சறுக்கு விசையைத் தாங்க வேண்டிய இடத்தில் சுரங்கம் வைத்துக்கொண்டு வில் கட்டுவது, பேச்சிப்பாறை அணைக்கரையில் எலி வளை விடுவது போல. ஒரே ஒரு துளை, அதுவும் ரைசர் பகுதியில் வந்தால் பசை நிரப்பி வைத்துக்கொள்ளலாம். லிம்ப் பகுதியில் இருந்தால் எறியுங்கள். மூங்கில் விலை குறைவு, மனம் வலிக்க வேண்டியதில்லை. மூங்கிலுக்குப் பதில் மரம் தேடுகிறீர்கள் என்றால் மரக்கடையில் தடசு கிடைக்கிறதா என்று பாருங்கள். நன்றாக வளைந்து நிமிரும், கருவிகளுக்குப் பிடி போடுகிற மரம். தேக்கு அழகுக்கு நல்லது, ஆனால் அதன் எண்ணெய் பசையைப் பிடிக்க விடாது. ரப்பர் மரம் மலிவு என்று எடுத்தால் மருந்தேற்றியதாக இருக்க வேண்டும், இல்லையேல் மறுபடி உளுதான்.

இதுவரை சொன்னது கண்ணுக்குத் தெரிகிற குறைகள். நம் ஊரில் வில்லைக் கெடுப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத ஒன்று, ஈரம். வில் செய்வதைப் பற்றி வெளிநாட்டுக்காரர்கள் எழுதுவதைப் படித்தால் மரத்தில் ஈரம் எட்டு சதவீதம் இருக்க வேண்டும் என்று போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். அவர்கள் அறையில் அது தானாக நடக்கும். நமக்கு இடவப்பாதியில், அதாவது வைகாசி நடுவில், ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் ஒரு மழை. காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தில் நிற்கும் நாட்களில் திறந்து கிடக்கும் மரம் 15, 16 சதவீதத்துக்கு ஊறிப்போய்விடும். கல்குளம், விளவங்கோடு பக்கத்தைவிட ஆரல்வாய்மொழிப் பக்கம் உலர்ந்த காற்று. கணவாய்க் காற்று அடிக்கிற ஆடி மாதத்தில் அங்கே ஒரு நண்பர் வீட்டு மச்சில் என் மரங்களைக் கொண்டுபோய் அடுக்கிய காலமும் உண்டு. அவர் மனைவிக்கு அது பிடிக்கவில்லை, பிறகு பெட்டி செய்துகொண்டேன்.

பிளைவுட் பெட்டி, உள்ளே பல்பு, ஒரு தெர்மோஸ்டாட், மேலே இரண்டு துளை. 45 டிகிரியில் நான்கைந்து நாள். ஈரமானி வாங்கப் பணமில்லை என்றால் நகைக்கடைத் தராசு மாதிரி கிராம் காட்டும் சின்னத் தராசு போதும். தினமும் காலையில் பட்டையை நிறுத்து, தேதி போட்டு எழுதுங்கள். 15 சதவீத ஈரத்தில் 100 கிராம் இருந்த பட்டை 8 சதவீதத்துக்கு வரும்போது ஏறக்குறைய 94 கிராம் இருக்கும். இரண்டு நாள் தொடர்ந்து எடை இறங்காமல் நின்றால் அந்தப் பெட்டியில் அதற்கு மேல் காயாது என்று பொருள். காய்ந்த பிறகுதான் கனத்துக்கு இழைக்க வேண்டும். முன்னால் இழைத்தால் காயும்போது சுருங்கி உங்கள் மைக்ரோமீட்டர் கணக்கெல்லாம் பொய்யாகும். இழைத்ததும் பிளாஸ்டிக் உறையில் கட்டி வையுங்கள், ஒட்டுகிற அன்று அவிழுங்கள்.

பசைக்கும் ஈரம் ஆகாது. எபாக்சியை இறுகவைக்கும் பாகமான ஹார்ட்னர் டப்பாவை மழை நாளில் திறந்து வைத்தால், காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே மெழுகு போல ஓர் ஆடை படியும். அதைக் கலக்கிவிட்டால் கலந்துவிடும் என்று நினைக்காதீர்கள். கலவை அளவையும் கண்ணால் மதிப்பிடாதீர்கள். உதாரணத்துக்கு, நம் ஊரில் கிடைக்கிற அரல்டைட் ஏ.டபிள்யூ.106, ஹெச்.வி.953 ஜோடிக்கு எடையில் 100க்கு 80, கன அளவில் சரிபாதி. தராசில் வைத்துச் சரிபாதி ஊற்றிவிட்டு "பசை மோசம்" என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். சூடு காட்டாமல் அறை வெப்பத்திலேயே காய்ந்த எபாக்சி கோடை வெயிலில் காருக்குள் கிடந்தால் இளகும். ஆகவே 70 முதல் 80 டிகிரி சூட்டில் நான்கு முதல் ஆறு மணி நேரம் பெட்டியில் வையுங்கள், பெட்டிக்குள்ளேயே ஆறவிடுங்கள்.

இனி எண்ணெய். என் மூன்றாவது வில் பட்டை பிரிந்தது. நாண் ஏற்றி 40 அம்பு விட்ட பிறகு வயிற்றுப் பக்கம் 'டப்' என்று ஒரு சத்தம், விளிம்பில் கத்தி முனை நுழைகிற இடைவெளி. பிரித்தெடுத்து வெயிலில் பார்த்தேன். கண்ணாடியிழையின் உள்பக்கம் சொரசொரப்பாக, ஆங்காங்கே மூங்கில் நார் ஒட்டிக்கொண்டு இருந்தது. அது நல்ல அறிகுறி, நார் பிய்ந்தால் பசை தன் வேலையைச் செய்திருக்கிறது. ஆனால் விளிம்போரம் ஓர் இடம் மட்டும் கண்ணாடி போலப் பளபளத்தது, பசை தொட்ட அடையாளமே இல்லை. நீள்வட்டமாக, ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்னதாக. என் கட்டை விரலை அதன் மேல் வைத்துப் பார்த்தேன், கச்சிதமாகப் பொருந்தியது. காலையில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, கையைக் கைலியில் துடைத்துவிட்டு வேலைக்கு உட்கார்ந்தவன் நான்தான். அதுவரை பட்டை விற்றவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து ஒட்டுகிற நாளில் தலைக்கு எண்ணெய் கிடையாது. பட்டையின் ஒட்டும் முகத்தை 80 எண் உப்புத்தாளில் தேய்த்து, அசிட்டோனில் துடைத்து, துணியை மாற்றி மறுபடி துடைத்து, பிறகு தண்ணீர் விட்டுப் பார்ப்பேன். தண்ணீர் மெல்லிய படலமாகப் பரவி நின்றால் சுத்தம். எங்கேயாவது சேம்பிலைத் துளி போல உருண்டால் அங்கே எண்ணெய் இருக்கிறது. தண்ணீர் பட்ட பட்டையை முழுதாகக் காயவிட்டு, கையுறை போட்டுக்கொண்டுதான் மறுபடி தொட வேண்டும். மரத்துக்கு இந்தத் தண்ணீர்ச் சோதனை வேண்டாம், புதிதாக இழைத்த அன்றே ஒட்டினால் போதும்.

இழைக்கும்போது முகமூடியும் முழுக்கைச் சட்டையும் போடுங்கள். கைலி கட்டிக்கொண்டு கண்ணாடியிழையை அரம் போட்டால் மூன்று நாளைக்கு நிம்மதியாக உட்கார முடியாது. பச்சைத் தண்ணீரில் குளியுங்கள்.

ஒட்டுகிற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் குமிழ் அங்கேதான் பிறந்திருக்கும். சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டிச் சுற்றிக் கட்டினீர்களா, கிளாம்ப் போட்டீர்களா என்று தெரியவில்லை. எதுவானாலும் நடுவிலிருந்து முனை நோக்கி அழுத்திக்கொண்டு போக வேண்டும். இரு முனையையும் முதலில் பிடித்துவிட்டு நடுவுக்கு வந்தால் காற்று வெளியேற வழியில்லை. பசை இரண்டு முகத்திலும் தடவியிருக்க வேண்டும், ஒரு முகத்தில் மட்டும் தடவினால் மறுமுகத்துப் பள்ளங்களில் காற்று தங்கும். அதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு முறுக்கவும் கூடாது. எபாக்சிக்கு மெல்லிய படலமாகவாவது உள்ளே இருக்க இடம் வேண்டும். விளிம்பு நெடுக மணி மணியாகப் பசை பிதுங்கி வந்தால் சரி. எங்கேயாவது மணி வராமல் வெறுமையாக இருந்தால் அப்போதே அந்த இடத்தைப் பென்சிலால் குறித்துவிடுங்கள். நீங்கள் தெளிந்த பட்டை வாங்கியதால் குமிழைப் பார்க்க முடிந்தது. கறுப்புப் பட்டை வாங்கியிருந்தால் அது தெரியாமலே போயிருக்கும். பழகுகிறவர்கள் தெளிந்த பட்டைதான் வாங்க வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். கறுப்பு, விற்கிறவனுக்கு வசதியான நிறம்.

சரி, குமிழ். ஒரு நாணயத்தின் விளிம்பால் லிம்பைத் தட்டிக்கொண்டே போங்கள். ஒட்டிய இடம் 'டக் டக்' என்று இறுகிய சத்தம் தரும். ஒட்டாத இடத்தில் அது 'டொப்' என்று இறங்கும், தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்க்கிற காது உள்ளவர்களுக்கு இது கஷ்டமில்லை. சத்தம் மாறும் எல்லையை மார்க்கரால் வரைந்துகொள்ளுங்கள். பலமுறை கண்ணுக்குத் தெரிந்த குமிழைவிடக் காதுக்குத் தெரிந்தது பெரிதாக இருக்கும்.

அந்த எல்லை, லிம்பைக் கடைசி வடிவத்துக்கு வெட்டும்போது கழிந்துபோகும் விளிம்புக்குள் இருந்தால் கவலையே இல்லை, வெட்டிவிடுங்கள். முனையிலிருந்து ஐந்தாறு அங்குலத்துக்குள், நெல்மணி அளவில், விளிம்பில் திறந்து இருந்தால் திருத்தலாம். அந்த இடத்தை ஹேர் டிரையரில் மிதமாகச் சூடாக்கி, ஃபெவிக்விக் போலத் தண்ணீராக ஓடும் பசையை விளிம்பில் ஒரு துளி வையுங்கள். அது தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். இழுப்பது நின்றதும் மெழுகுத்தாள் வைத்துக் கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடுங்கள். பிறகு மறுபடி நாணயம். நாண் கட்டும் நூலால் அந்த இடத்தைச் சுற்றி, மேலே எபாக்சி பூசிவிட்டால் கூடுதல் காவல்.

லிம்பின் நடுப்பகுதியில், இரு விளிம்புக்கும் எட்டாமல் உள்ளே மூடிக் கிடக்கும் கடுகளவுக் குமிழ் ஒன்றிரண்டை நான் சும்மா விட்டுவிடுவேன். வெளியிலிருந்து துளை போட்டுப் பசை ஏற்றுகிறேன் என்று கிளம்பாதீர்கள், அந்தத் துளை இழையை அறுக்கும். மருந்தே நோயைவிட மோசம். ஆனால் நான் முன்பு சொன்ன அந்த மெலிந்த ரைசர் முனையில் குமிழ் இருந்தால், அளவு எதுவானாலும், அந்த வில்லைச் சுவரில் மாட்டிவிடுங்கள். இதில் என்னிடம் சலுகை எதிர்பார்க்காதீர்கள்.

திருத்திய வில்லை உடனே கையில் பிடித்து இழுக்கக் கூடாது. சுவரில் அடித்த கட்டையில் பொருத்தி, கப்பியும் கயிறும் கட்டி, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று இழுங்கள். முதலில் பாதி இழுவை, 20 தடவை. பிறகு டார்ச்சைத் தரைவாட்டில் அடித்துப் பாருங்கள், நாணயம் தட்டுங்கள். குமிழின் எல்லை நீங்கள் வரைந்த மார்க்கர் கோட்டைத் தாண்டவில்லை என்றால் முக்கால் இழுவை, மறுபடி 20. இப்படியே முழு இழுவை வரை போங்கள். தாண்டியிருந்தால் அந்த லிம்ப் அவ்வளவுதான். வேடிக்கை பார்க்கிற பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு இழுங்கள். கண்ணாடியிழை முறிந்தால் சிம்பு சிம்பாகப் பறக்கும்.

வெள்ளைக் கோடு போட்ட அந்தப் பட்டை ஒருவேளை எப்படி நகர்த்தினாலும் லிம்பின் நடுவில்தான் வருகிறது என்றால், கோட்டுக்கு இரு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் விட்டு அறுத்துவிடுங்கள். ஐம்பது அங்குலம் போல நல்ல நீளம் மிஞ்சினால் ஒரு சிறுவர் வில்லுக்கு முதுகாகும். மிஞ்சிய சிறு துண்டு, நாண் உட்காரும் முனைகளின் மேல் ஒட்டும் சில்லுகளுக்கு உதவும். அதற்கு ஓரங்குலத் துண்டு போதும், நாண் கண்ணியின் உரசலுக்கு மரத்தைவிட நன்றாகத் தாங்கும்.

கனம் எழுதிய பட்டையின் படத்தையும் மூங்கிலின் எடைக் கணக்கையும் அனுப்புங்கள். எந்தப் பட்டையை எந்தப் பக்கம் திருப்புவது என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை பசை டப்பாவைத் திறக்க வேண்டாம்.